குதிகாலுக்குக் கீழே என் செய்திகள்

எங்கள் வீட்டுக் குசினிச் சுவரைப் பார்த்தபடி என் மகள் நிரோஷா நின்றுகொண்டிருந்தாள். வலது பாதம் முழுவதும் சீமெந்துத் தரையில் படிந்திருந்தது. இடது பாதத்தில் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. குதிகாலுக்குக் கீழே, நான்காக மடித்த இருபத்து மூன்று பத்திரிகைகள் அடுக்கப்பட்டிருந்தன.

இருபத்து நான்காவதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'பாலம் உடைந்ததால் பிரதேச மக்கள் பெரும் அசௌகரியம். இது விடயத்தில் உரிய அதிகாரிகள் கவனம் செலுத்துவார்களா?' செலுத்துனாங்களா அம்மா?"

"இல்ல."

"பொறகு எதுக்கு அவங்ககிட்டயே கேட்டீங்க?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வருவதற்குக் காரணம் கைவசம் இருந்தது.

அந்தப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் என் செய்தி ஒன்றாவது இருக்கும். அப்புத்தளைப் பகுதிக்கு நிருபராக இருந்த இத்தனை வருடங்களில் நான் எழுதியவை வந்த இதழ்களைக் கட்டிக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். அவை ஒரு நாள் என் மகளின் குதிகாலைத் தாங்கும் என்று நினைத்து வைக்கவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரமும் அது வரும். ஆனால் அதற்கு முன் கால்.

கோப்பித்தூள்

நிரோஷா ஒரு தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் முன்பள்ளி ஆசிரியை. பெரகலைக்குப் போகும் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே நூற்றுப் பன்னிரண்டு படிகள் கீழே போக வேண்டும். படிகள் மூன்று இடங்களில் திரும்பும். அந்தக் காலை பனியும் தூறலும். மூன்றாவது திருப்பத்தில் கால் வழுக்கியது. பிடிக்க அங்கே கம்பி இல்லை.

கீழே இருந்தது கவ்வாத்து வெட்டி இரண்டு நாளான மலை. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. இலை ஒன்றும் மிஞ்சாது. சாய்வாகச் சீவிய குச்சிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அவற்றில் பெருவிரல் பருமனான ஒன்று நிரோஷாவின் இடது கெண்டைக்காலில் இறங்கி, அவள் சரிந்தபோது ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வந்தது.

என் கணவர் சேகர் பெரகலைச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறார். செய்தி கேட்டு முதலில் போனவர் அவர்தான். மலையில் நின்றவர்கள் பிள்ளையைக் கம்பளியில் தூக்கி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. சேகர் முதல் வீட்டுக்குள் ஓடி, கோப்பித்தூள் போத்தலைத் தூக்கிவந்து, முழுவதையும் காயத்தில் கொட்டிச் சாரத் துணியால் கட்டினார். எங்கள் பக்கத்தில் வெட்டுக்காயம் என்றால் கை தானாக அதற்குத்தான் போகும். படித்தவர்கள் கையும் அப்படித்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் அந்தத் தூளைக் கழுவி எடுக்கவே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த டாக்டர் சேகரைப் பார்த்துச் சிரிக்காமல் கேட்டார்.

"தேயிலைத் தோட்டத்தில இருந்துகிட்டு எதுக்கு ஐயா கோப்பி?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சேகருக்கு யாரும் கோப்பி கொடுப்பதில்லை. கேட்டால் நிரோஷா, "எங்க போடணும்ப்பா, டம்ளர்லயா, கால்லயா?" என்பாள். அவர் தேநீருக்கு மாறிவிட்டார்.

நான்கு விரல்

காயம் புண்ணாகி, புண் ஆறி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, எல்லாம் முடிய இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. குதிகால் தரையில் படவில்லை. படுத்தே கிடந்ததில் கெண்டைக்கால் சதை சுருங்கி, பாதம் நடனக்காரியின் பாதம் போலக் கீழ்நோக்கி நின்றுவிட்டது.

உடற்பயிற்சி சொல்லித்தருகிற மிஸ் ஒரு சிங்களப் பெண். எங்களுக்காகத் தமிழில் பேசினார். நிரோஷாவை நிற்கவைத்து, குதிகாலுக்கும் தரைக்கும் இடையே தன் கையைச் செலுத்தினார். நான்கு விரல்களும் தாராளமாக உள்ளே போயின.

"நாலு விரல்," என்றார். "ஏழு கிழமை தாறன். குதிகால் கீழ வரணும். வரல்லன்னா ஒப்பரேஷன். நரம்பு வெட்டி நீட்டுறது. அதுக்குப் பொறகும் நொண்டி வரலாம். பொய் சொல்ல மாட்டன்."

குதிகாலுக்குக் கீழே பலகைகளை அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் முழங்காலை மடக்காமல் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். வலிக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் நிரோஷா ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தாள். எல்ல ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னாள்.

"முன்பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. பாத்தவொடனே அப்பிடியே நடந்து காட்டும். நான் நொண்டினா, இருவத்தாறும் நொண்டும்."

சிரித்தாள். ஆனால் விடயம் அதுதான். ஊன்றுகோலோடு நூற்றுப் பன்னிரண்டு படிகள் இறங்க முடியாது. படி இறங்க முடியாவிட்டால் வேலை இல்லை.

நல்ல பத்திரிகை பாரம் தாங்கும்

பலகைக்குச் சேகர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, அலுமாரியின் மேலே என் கண் போனது. ஒரு பத்திரிகையை நான்காக மடித்தால் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர். அடிமட்டம் வைத்து அளந்தேன். நான்கு விரல் என்பது இருபத்து மூன்று பத்திரிகை. இரண்டு நாளைக்கு ஒன்றை எடுத்தால் ஏழு கிழமைக்குள் தரை.

எல்லா இதழும் ஒரே பருமன் இல்லை என்பது பிறகு தெரிந்தது. நாட்டில் தாள் தட்டுப்பாடு வந்த காலத்து இதழ்கள் அப்பளம் மாதிரி. அவற்றில் இரண்டு சேர்ந்தால்தான் ஒரு பழைய இதழ். நிரோஷா அப்பள இதழ்களை எடுக்கும் நாட்களைத் தனக்கு லீவு என்றாள்.

மூன்று நிமிடத்தை மணிக்கூட்டில் பார்த்தால் நீண்டுகொண்டே போகும். அதனால் அடுக்கிலிருந்து எடுத்த இதழில் என் செய்திகளை வாசிப்பது என்று வைத்துக்கொண்டாள். இரண்டு செய்தி வாசித்தால் மூன்று நிமிடம் சரி.

அதுவரை என் மகள் என் எழுத்தைப் படித்தவளல்ல. போனில் வருவதைப் படிப்பாள். இப்போது வேறு வழியில்லாமல் முப்பது வருட உழைப்பையும் ஒற்றைக்காலில் நின்று படித்தாள்.

"அம்மா, நீங்க எழுதினதுல மக்கள் எப்பவும் விசனப்படுறாங்க. ஒருநாளாவது சும்மா இருந்திருக்காங்களா?"

"சும்மா இருந்தா செய்தி இல்ல."

"எனக்கு இப்ப விசனமா இருக்கு. போடுவீங்களா?"

"முழங்கால மடக்காத."

"உரிய அதிகாரிகள் கவனம் செலுத்துறாங்கப்பா," என்று அவள் குசினி ஜன்னல் வழியாகச் சேகரிடம் முறையிட்டாள்.

மடுல்சீமையில் பதினோராவது கூரை

மூன்றாவது கிழமை எடுத்த இதழில் மடுல்சீமைச் செய்தி ஒன்று இருந்தது. அதை அவள் வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அப்போது நிரோஷா பிறக்கவில்லை. காற்றில் ஒரு லயத்தின் கூரைத் தகரங்கள் பறந்துவிட்டன என்று தகவல் வந்தது. பத்து வீடு என்றார்கள். பஸ் பாதிவழியில் நின்றுவிட, மிச்சத்தை மழையில் நடந்தேன். கால் செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. போய் எண்ணினேன். பதினொன்று. ஒரு வீட்டுக்காரர் மற்றவர்கள் வருவதற்குள் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார். அதனால் அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பதினோராவது வீட்டுக்கும் தகரம் கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

"ஒரு கூரைய எண்ணவா அவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்றாள் நிரோஷா. குரலில் கேலி இல்லை.

ஆமாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே போய்க் காய்ந்த துணிகளை எடுத்தேன். அவை காய்ந்திருக்கவில்லை.

திரும்பி வந்த சிறுத்தைக்குட்டி

ஒன்பதாவது பத்திரிகை எடுத்த அன்று ஒட்டிய தோலின் ஓரம் இலேசாக வெடித்தது. அவள் சத்தம் போடவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, கிணற்றடிக் கூட்டம் ஒன்றைப் பற்றிய செய்தியை இரண்டாம் முறையும் வாசித்தாள். கீழுதட்டில் பல் பதிந்த தடம் மாலைவரை இருந்தது.

மருந்து கட்டும் அக்கா வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்த வேண்டாம் என்றார். நான் நிறுத்தவில்லை. அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, எடுத்த ஒரு பத்திரிகையை அடுக்கின் நடுவே திரும்பச் செருகினேன். மூன்று மில்லிமீற்றர். யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்த முறை அவள் நடுவிலிருந்து உருவியபோது கைக்கு அகப்பட்டது அதுதான்.

"அம்மா."

"என்ன?"

"தேயிலை மலையில அகப்பட்ட சிறுத்தைக்குட்டிய போன கிழமை காட்டுக்கு அனுப்பிட்டோமே. திரும்ப வந்திருக்கு."

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அப்பா! இங்க வாங்க. அம்மா பேப்பர் திருப்பி வச்சிருக்காங்க."

சேகர் வாசலில் வந்து நின்றார். மூன்று மாதமாகக் காத்திருந்தவர் முகம்.

"நான் பதட்டத்தில கோப்பித்தூளு போட்டேன். எனக்கு இந்த வீட்டில கோப்பியே இல்ல. ஒங்கம்மா நிதானமா அடிமட்டம் வச்சு அளந்துல்ல போட்டிருக்கா? இவளுக்கு என்ன நிறுத்தலாம்?"

"பேப்பர்," என்றாள் நிரோஷா. அன்று அடுக்கிலிருந்து இரண்டை எடுத்தாள்.

நெத்தலி சுற்றி வந்தது

எங்கள் ஊரில் பத்திரிகை ஏஜன்ட் ஹனீபா நானா. பலசரக்குக் கடையும் அவருடையதுதான். விற்காத இதழ்கள் சில நாள் கழித்துச் சரக்குச் சுற்றும் தாளாகிவிடும். அவர் கடையில் எதுவும் வீணாவதில்லை.

அடுக்கில் பதினொன்று மிச்சமிருந்த நாளில், சேகர் அங்கிருந்து காற்கிலோ நெத்தலி வாங்கிவந்தார். நிரோஷா பொட்டலத்தை அவிழ்த்தாள். இப்போது அவளுக்கு எந்தத் தாளைக் கண்டாலும் படிக்கிற பழக்கம். தாளை நீவி விரித்தாள். 

பிறகு வாசித்தாள். "'படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி. தோட்ட மக்கள் மகிழ்ச்சி.'"

அந்த இதழ் எங்கள் அடுக்கில் இல்லை. நான்தான் எடுத்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பத்திரிகைக் கட்டிலிருந்து உருவி, அரிசி வாளியின் அடியில் வைத்திருந்தேன். எரிக்க மனம் வரவில்லை. நான் ஒரு பிரதியை ஒளித்தேன். ஊரில் விற்காத பிரதிகள் எத்தனை என்பதை யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான். அவள் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு அரசியல்வாதியின் ஆள் பேசினார். கீழ்ப் பிரிவுப் படிக்கட்டுக்கு முழுக்கக் கம்பி போட்டாகிவிட்டது, படம் அனுப்புகிறேன், நாலு வரி போடுங்கள் அக்கா என்றார். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. நீல நிறக் கம்பி, புதுச் சீமெந்து. வெளியே மழை. ஏழு வரி எழுதி அனுப்பினேன்.

நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது நிரோஷா வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது அந்தப் படிக்கட்டின் சேறு. கம்பி இருக்கிறதா என்று கேட்க நான் எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லை.

மடுல்சீமைக்கு நடந்து கூரை எண்ணியவளும் இதே ஆள்தான்.

"மக்கள் மகிழ்ச்சின்னு போட்டிருக்கீங்க," என்றாள். "அந்த மக்கள்ல நானும் உண்டாம்மா?"

சேகர் நெத்தலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை மூன்று மாதமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். அது வரவில்லை. "போய்ப் பாக்கல்ல," என்று மட்டும் சொன்னேன்.

அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"போயிருக்கவும் தேவையில்ல. படத்தையாவது பாத்திருக்கலாம். இந்த மூலையில என்னா நிக்குது?"

பார்த்தேன். கம்பிக்குப் பின்னால், மங்கலாக, ஒரு தென்னை மரம்.

அப்புத்தளையின் குளிரில் தென்னை வளராது. இங்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். எங்கோ கீழ்நாட்டில் யாரோ கட்டிய படிக்கட்டை, தென்னையோடு சேர்த்து, எங்கள் மலையில் நட்டிருந்தேன்.

"முன்பள்ளியில என் பிள்ளைங்களே கண்டுபிடிச்சிருக்கும்," என்றாள். பிறகு தாளை நான்காக மடித்தாள். அடுக்கிலிருந்து வேறொன்றை எடுத்துவிட்டு, இதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள்.

"இது கடைசியா போகட்டும்."

வாசகர் ஒருவர்

அடுத்த மூன்று கிழமையும் எங்கள் குசினியில் நெத்தலி வாடை. பயிற்சி நேரம் வந்தால் பூனை எங்கிருந்தோ வந்து, அவள் குதிகாலைச் சுற்றி மோந்து பார்க்கும். "அம்மாட செய்திக்கு இதுதான் நெசமான வாசகர்," என்பாள். கேலி திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு நாள் அவள் எதையும் உரக்க வாசிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தே நின்றாள். எனக்கு அந்த மூன்று நிமிடங்கள்தான் நீண்டவை.

அந்த இரண்டு நாளில் ஒன்றில் நான் படிக்கட்டுக்குப் போனேன். இறங்கி எண்ணி, ஏறி எண்ணினேன். முதல் இரண்டு திருப்பங்களில் பழைய கம்பி துருப்பிடித்து நிற்கிறது. மூன்றாவதில் கம்பி நின்ற துளைகள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன்.

திருத்தச் செய்தியை அனுப்பியதும் பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"பழைய ஏழு வரிக்கு இப்ப யாருங்க திருத்தம் போடுவாங்க? யாராச்சும் கேட்டாங்களா?"

"ஒரு வாசகர் சுட்டிக்காட்டியிருக்காங்க."

"யாரு?"

"நின்னுகிட்டுப் படிக்கிற ஒரு வாசகர்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் போட்டார்கள். உள்பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே, ஐந்து வரி. அது வெளிவந்தது கிளினிக் நாளன்று காலையில். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நானாவின் கடையில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு முதல் நாள் மாலைதான் கடைசிப் பத்திரிகையை எடுத்திருந்தாள். கால் வெறும் சீமெந்தில் நின்றது. நின்றதா, நிற்பதுபோல் இருந்ததா? குனிந்து பார்த்தேன். சேகரும் பார்த்தார். பூனையும் பார்த்தது. எங்கள் மூவருக்கும் மூன்று கருத்து.

மிஸ் நிரோஷாவைச் சுவரோரமாக நிற்கவைத்தார். நான்கு விரலைக் கொண்டுபோனார். போகவில்லை. ஒரு விரல். போகவில்லை.

"ஒரு பேப்பர் தாங்க," என்று என் பக்கம் கையை நீட்டினார்.

பையில் இருந்தது அந்த இதழ்தான். அவர் அதில் திருத்தம் வந்த தாளையே எடுத்து, ஓரத்தைக் குதிகாலுக்குக் கீழே செருகப் பார்த்தார். தாள் மடங்கியது. மற்றப் பக்கமாக முயன்றார். மீண்டும் மடங்கியது.

"ஹரி, சரி," என்றார். "ஒப்பரேஷன் வேணா. படி ஏறலாம், எறங்கலாம். மெதுவா."

நிரோஷா சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. என்னிடம் அன்று வெங்காயம் இல்லை.

"அம்மா," என்றாள். "ஒங்க செய்தி ஒண்ணு இப்பதான் காலுக்கடியில போகாம நின்னிருக்கு."

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றாள். செய்தி சேகரிக்கப் போகிறேன் என்றேன். எனக்கு இரண்டு படி முன்னால் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் முதலில் குதிகால், பிறகு விரல்கள். கவ்வாத்து மலை முழங்கால் உயரத்துக்கு மேலே துளிர்த்திருந்தது. திருப்பம் வந்ததும் நின்று, திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அவள் தன் பயத்துக்காக நீட்டினாளா, என்னுடையதற்காகவா என்று கேட்கவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் இன்னமும் கம்பி இல்லை. இதை நேரில் பார்த்து எழுதுகிறேன்.